கிரித் உங்கோல் கோபுர மாதிரி வாங்கப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

மேசை விளையாட்டுக்கு முப்பரிமாண அச்சில் செய்த கோட்டை மாதிரிகளை இணையத்தில் வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஏமாந்த மாதிரி இன்னொருவர் ஏமாறக் கூடாது.

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் கிரித் உங்கோல் கோபுரத்தின் மேல் எனக்குப் பல வருஷத்துப் பித்து. கதையின் கொடியவன் சௌரானின் நாடான மோர்டோருக்குள் யாரும் போகாமல் தடுக்கக் கட்டிய கோபுரம் இல்லை அது. சௌரான் தோற்றதும், உள்ளே மிச்சமிருக்கும் தீமை மறுபடி வெளியே வந்துவிடக் கூடாதென்று பக்கத்து மனித நாடான கோண்டோர்க்காரர்கள் கட்டினார்கள். அப்புறம் காவல் தளர்ந்து அவன் கைக்கே போய், தன் ஆட்களையே தப்பவிடாமல் அடைத்து வைக்கும் இடமாகிவிட்டது. மலைமேல் முதுகைச் சாய்த்தபடி மூன்று பெரிய அடுக்குகள். வாசலில் இரண்டு காவல் உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டிப் பிறந்த மாதிரி மூன்று உடல், பிணந்தின்னிக் கழுகு முகத்தோடு மூன்று தலை. ஒன்று வெளியே பார்க்கும், ஒன்று உள்ளே, ஒன்று வாசலுக்குக் குறுக்கே.

விற்றவர் காட்டிய படத்தில் இத்தனையும் இருந்தது. ‘ரெசின் அச்சு, 28 மி.மீ. அளவு’ என்று போட்டிருந்தார் (ரெசின் என்பது ஒருவகைத் திரவப் பிளாஸ்டிக்), முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். வந்தது தனியாக நிற்கிற ஓர் உருளைக் கோபுரம். மலையும் இல்லை, அடுக்கும் இல்லை. காவல் உருவங்கள் உருகிய மெழுகு மாதிரி இரண்டு கட்டிகள், முகமே கிடையாது. 28 மி.மீ. அளவில் நிற்கும் பொம்மை வீரன் ஏறக்குறைய அந்த உயரம் இருப்பான், வாசல் அவன் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இந்த வாசல் அவன் இடுப்புக்குத்தான் வந்தது. கேட்டால், படம் கணினியில் வரைந்ததாம், "மாதிரிக்குத்தான்" என்றார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ரெசின் விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை. திரவ ரெசினைப் புற ஊதா ஒளிதான் கெட்டியாக்கும். உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிட்டால், தேங்கும் ரெசின் வடிய ஒரு துளை விட்டு, உட்புறத்தையும் ஆல்கஹாலில் கழுவி, மறுபடி ஒளி காட்டி இறுக்க வேண்டும். இதன் அடியில் ஒரு துளைகூட இல்லை. மூன்றாவது வாரம் அடிப்பக்கம் விரிசல் விட்டு, பிசுபிசுவென்று உள்ளிருந்து கசிந்தது. இறுகாத ரெசின் தோலில் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். அதுவரை தினமும் அதைக் கையில் தூக்கி விளையாடியது என் ஏழு வயது மகன். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விற்றவர், பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விரிசலின் படங்களோடு நான் பணம் கட்டிய அட்டையைக் கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் சரி, அச்சிட்ட பொருளையே ஒரு பொம்மை வீரனைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அடிப்பக்கத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.