எல்லாம் பச்சை, திட்டு மட்டும் குறையவில்லை: மண்டபத்தில் மூன்று வருட அனுபவம்

மண்டபத்தில் கணவாயும் நண்டும் வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பும் கம்பெனியில் லோடு பார்ப்பது என் வேலை. சப்ளை செயினை, அதாவது சரக்கு கரையிலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும், அளந்து கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானதும், எக்செல் தாள் ஒன்று என் தலையில் விழுந்தது. மூன்று வருடமாக அதோடுதான் குடித்தனம்.

முதலில் நான்கே கட்டங்கள்: நேரத்துக்குப் போனதா, சொன்ன எடை இருந்ததா, தரம் சரியா, பில் சரியா. சதவீதம் நன்றாக இருந்தால் கட்டம் பச்சை, குறைந்தால் சிவப்பு. மாதக் கடைசியில் எல்லாம் பச்சை. தூத்துக்குடியிலிருந்து வரும் திட்டு மட்டும் குறையவில்லை. அப்புறம்தான் கணக்கு புரிந்தது. நான்கும் தனித்தனியே 95 சதவீதம் என்றாலும், நான்கும் ஒருசேரச் சரியாக இருக்கும் லோடு பெருக்கிப் பார்த்தால் 81 சதவீதம்தான். வாங்குகிறவருக்குத் தெரிவது அந்த 81.

இரண்டாம் வருடம் வெப்பநிலை பதியும் லாகர் வந்தது. வரைபடம் 0 டிகிரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வந்தது. எனக்கே சந்தேகம். ஒருநாள் பெட்டியைத் திறந்தால், லாகர் பாலித்தீன் பைக்குள் சுற்றி அடி ஐஸில் புதைந்து கிடக்கிறது. கணவாய் எல்லாம் மேலே.

"கோடு ஏறினா காசு பிடிக்கிறீங்களே அண்ணே" என்றான் டிரைவர் தம்பி.

நியாயம்தான். பிடித்தத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டு, லாகரைச் சரக்கின் நடுவே நானே வைத்தேன். வழியில் சூடு ஏறவே இல்லை. ஏற்றும்போதே சரக்கு சூடு! கரையில் ஏலம் முடிந்து ஐஸ் வந்து சேரும்வரை வெயிலில் கிடந்திருக்கிறது. இப்போது ஐஸ் வண்டி ஏலத்துக்கு முன்பே கரைக்குப் போய்விடுகிறது.

எரிச்சல் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகுச் சரக்குதான். மே மாதம் மூன்றே லோடு போய் ஒன்று பிசகினால் 67 சதவீதம் என்று சிவப்பு விழும், விளக்கம் கேட்டு மெயில் வரும். சரி என்று, மே மாதத்துக்குச் சதவீதமே போடாமல் எண்ணிக்கையாக எழுதி அனுப்புகிறேன்.

எனக்கு உதவுகிற அளவு இன்னும் தாளிலேயே ஏறவில்லை. படகிலிருந்து இறக்கிய நேரம், ஐஸ் போட்ட நேரம் இரண்டையும் தரம் பிரிக்கும் அக்கா தெர்மாகோல் மூடியில் எழுதிவைக்கிறார். ஈரம் பட்டால் அழிந்துவிடுகிறது. அழியாத மார்க்கர் பேனா மாதம் இரண்டு வாங்க அனுமதி கேட்டிருக்கிறேன்.