டொன்கொட்சுவா, ஷோயுவா, மிசோவா: அம்மிச்சிக்கும் பேரனுக்கும் எந்த ராமென்?

ராமென் என்றால் சாற்றில் போட்டுத் தரும் ஜப்பானிய நூடுல்ஸ். கடை மெனுவில் எத்தனை பெயர் இருந்தாலும் அடிப்படை நான்குதான்: ஷோயு, ஷியோ, மிசோ, டொன்கொட்சு. முதல் மூன்றும் கிண்ணத்தின் அடியில் ஊற்றும் உவர்ப்புக் கலவையைச் சொல்கின்றன. ஷோயு என்றால் சோயா சாஸ், ஷியோ என்றால் உப்பு, மிசோ என்றால் புளிக்கவைத்த சோயா விழுது. இந்தக் கலவைக்குத் தாரே என்று பெயர். டொன்கொட்சு மட்டும் சாற்றைச் சொல்கிறது. அது பன்றி எலும்புச் சாறு. ஏறக்குறைய 30 மில்லி தாரே, அதன்மேல் 300 மில்லி சாறு, கொஞ்சம் வாசனை எண்ணெய், பிறகு நூடுல்ஸ். மேலே வைக்கும் முட்டையையும் கறியையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

பேர்பெற்றது டொன்கொட்சு. ஜப்பானின் ஃபுகுவோகா பக்கத்துப் பாணி. எலும்பைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தளதளவென்று கொதிக்கவிடுவதால் கொழுப்பும் பசையும் தண்ணீரோடு கலந்து சாறு பால்போல வெளுக்கிறது. உதட்டில் ஒட்டும், வாசம் தூக்கலாக இருக்கும். வெண்பன்றிக் கறி சாப்பிட்டுப் பழகிய வீட்டுக்காரர்களுக்கே பாதிக் கிண்ணத்தில் திகட்டலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நூடுல்ஸ். இதற்குப் போடுவது மெல்லிய, நேரான வகை. வேகும் நேரமே ஒரு நிமிடத்தை ஒட்டித்தான். படம் எடுத்து, குழந்தைக்கு ஊட்டி, பிறகு தன் கிண்ணத்துக்கு வருவதற்குள் ஊறிக் குழைந்துவிடும். கொஞ்சம் விறைப்பாகவே வேகவைக்கச் சொல்லுங்கள். கூடுதல் நூடுல்ஸ் மட்டும் தனியே வாங்கும் வழக்கம் இந்தப் பாணியில் உண்டு; அதனால் சாற்றை முதலிலேயே குடித்துத் தீர்க்காதீர்கள். பன்றி வேண்டாதவர்களுக்கு அதே முறையில் கோழி எலும்பைக் கொதிக்கவைத்த தோரி பைதான் இருக்கிறது. அடர்த்தி குறையாது, வாசம் நமக்குப் பழகியது.

முதல்முறை போகும் கொங்குக் குடும்பத்துக்கு என் தேர்வு ஷோயுதான். அதிலும் கோழிச்சாற்றில் செய்தது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே வைத்து இறக்குவதால் சாறு தெளிவாக இருக்கும். நாட்டுக்கோழிச் சாறு குடித்து வளர்ந்த நாக்கு இதை உடனே ஏற்கும். மிளகும் மஞ்சளும் எங்கே என்று அப்பாரு கேட்பார். மிளகாய் எண்ணெயைத் தனிக் கிண்ணத்தில் வாங்கி வையுங்கள். ஷியோ இன்னும் லேசானது. நல்ல கையில் அருமை, ஆனால் முதல்முறைக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

பிள்ளைகள் இருந்தால் மிசோ. ஜப்பானின் வடக்கே உள்ள சப்போரோ நகரத்துக் குளிருக்காக வளர்ந்த பாணி. தடித்த சுருள் நூடுல்ஸ் சீக்கிரம் குழையாது, மேலே மிதக்கும் எண்ணெய் சூட்டை வெளியே விடாது. மக்காச்சோளமும் வெண்ணெயும் போட்டதைக் கேளுங்கள். சூடு அதிகநேரம் நிற்கும் என்பதால் பிள்ளைக்குக் காலிக் கிண்ணம் ஒன்று வாங்கி, நூடுல்ஸை எடுத்துப் போட்டு, வெந்நீர் கலந்த சாறு கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள். முட்டையின் மஞ்சள்கரு இளகலாகத்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுதாக வெந்ததைக் கேட்டு வாங்குவதே நல்லது.

கவுச்சி சேர்க்காத அம்மிச்சிக்குத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். காய்கறி ராமென் என்று எழுதியிருப்பது கோழிச்சாற்றின்மேல் காய் வைத்ததாகவும் இருக்கலாம். சாறு எதில் கொதித்தது, தாரேயில் காய்ந்த சூரை மீன் சேர்ந்திருக்கிறதா, வாசனை எண்ணெய் கோழிக்கொழுப்பா, நூடுல்ஸில் முட்டை உண்டா: இந்த நான்கையும் கேளுங்கள். பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் சமையலறையில் கேட்டுவரச் சொல்லுங்கள். கடற்பாசியும் ஷிடாகே காளானும் ஊறிய சாறு சைவம்தான். சோயா பாலும் எள் விழுதும் சேர்த்த சைவத் தந்தான்மென் என்ற கார ராமென் கிடைத்தால் அதையே எடுங்கள். மற்ற சைவக் கிண்ணங்களில் இல்லாத கனம் இதில் உண்டு. தாரேயில் மிரின் அல்லது சாக்கே சேர்ப்பது வழக்கம். இரண்டும் மதுவகை என்பதை விரதக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான்கில் எதுவும் உப்பு குறைந்ததல்ல. கடைசிச் சொட்டுவரை குடித்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் அளவை ஒரே கிண்ணம் தாண்டிவிடலாம். உப்பில் பெரும்பங்கு சாற்றில்தான் இருக்கிறது, பாதியை விட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்வதா, கடைக்குப் போவதா? டொன்கொட்சு என்றால் கடைதான். சிலிண்டரை எரித்து வீடெல்லாம் வாசம் ஏற்றிக்கொள்வது வீண்வேலை. ஷோயுவை வீட்டில் செய்யலாம், நமக்கு அதில் ஒரு வசதியும் இருக்கிறது. பல்லடத்துக் கறிக்கோழி இளசு, சாற்றுக்குச் சுவை ஏறாது. நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழி, இட்டு ஓய்ந்தது, கறிக்கு ரப்பர். சாற்றுக்கு அதுதான் சரி. ஜப்பானியக் கடைகளும் முற்றின கோழியைத் தேடுகின்றன. ஒன்றரைக் கிலோவுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், நுரையை எடுத்துவிட்டுச் சிறுதீயில் நான்கு மணி நேரம். குக்கரில் வைத்தால் ஒன்றரை மணி போதும், ஆனால் ஆவியைக் கையால் திறந்துவிடாதீர்கள். உள்ளே சட்டென்று பொங்கிச் சாறு கலங்கிவிடும்.

மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து அதில் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்தால் வாசனை எண்ணெய் தயார். நம் செக்கு நல்லெண்ணெய் இங்கே உதவாது, ஜப்பானியர் வறுத்த எள்ளில் எடுக்கிறார்கள். ஃபிரைடு ரைஸுக்கு வாங்கும் அடர்கறுப்பு சோயா சாஸும் வேண்டாம். நிறமும் தித்திப்பும்தான் வரும். நூடுல்ஸின் வழுக்கலும் இழுவையும் காரத்தன்மையால் வருவது; மிளகாய்க் காரமல்ல, சோடா போன்றவற்றின் காரம். சாதா ஹக்கா நூடுல்ஸை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா போட்ட தண்ணீரில் வேகவைத்து, வெந்நீரில் அலசுங்கள். நுரை பொங்கும், போசியில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். மிஞ்சிய சாற்றைத் தாரே கலக்காமல் ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வாரம் அதையே மிசோவாகவும் மாற்றிக்கொள்ளலாம்.