ரம்பத்துக்கு எந்த ஆயில், காருக்கு எந்த ஆயில்: காசு எங்கே போகணும்?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் ஓய்ந்ததும் தோப்புக்குத் தோப்பு கவாத்து ஆரம்பித்துவிடும். செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடும் மோட்டார் ரம்பம், வைத்திருக்கிற பலர் வீட்டு வாசலில் இப்போது பிஎஸ்6 புகை விதிப்படி வந்த புது காரும் நிற்கிறது. ஆயில் வாங்கப் போனால் மட்டும் காருக்கு விலை கூடின, கெட்டியான கேனாகத் தேடுகிறார்கள். ரம்பத்துக்குக் கடையில் இருப்பதிலேயே மலிவான 2டி (டூ ஸ்ட்ரோக் ஆயில்) பாட்டில் போதும் என்கிறார்கள். என் கணக்கு இதற்கு நேர் எதிர்.

ரம்பத்தை முதலில் பார்ப்போம். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். காரைப் போல அடியில் ஆயில் தேங்கி நிற்காது. பெட்ரோலில் கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு எரிந்து சைலன்சர் வழியே வெளியேறும். காற்று மட்டும்தான் குளிர்விக்கும், நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டி ஓடும். ஆகவே ஆயில் வழுக்கினால் மட்டும் போதாது, மிச்சம் வைக்காமல் எரியவும் வேண்டும்.

பாட்டிலில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) என்று போட்டு எஃப்பி, எஃப்சி, எஃப்டி என மூன்றில் ஒன்று இருக்கும். எஃப்பி அடிமட்டம். எஃப்சியில் புகை குறைவு. எஃப்டி அதோடு சேர்த்து இன்ஜின் உள்ளே கார்பன் படியாமலும் பார்த்துக்கொள்ளும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சைலன்சரைக் கழற்றிவிட்டு சிலிண்டரின் புகை வாயைப் பாருங்கள். நல்ல ஆயிலில் ஓடிய மெஷினில் லேசான பழுப்பு இருக்கும். மட்டமானதில் ஓடியதில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருக்கும், ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டாலே உதிரும். அதில் ஒரு துணுக்கு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மாட்டினால் கோடு விழும், அப்புறம் சிலிண்டர் செட்டே மாற்ற வேண்டியதுதான்.

விலைக்கு வருவோம். பெட்ரோலும் ஆயிலும் 50:1 கலவை என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. சில கம்பெனிகள் நல்ல ஆயிலுக்கு 50:1, சாதாரண ஆயிலுக்கு 25:1 என்றே மெஷினோடு வரும் புத்தகத்தில் போடுகின்றன. அப்படிப்பட்ட மெஷினில் ஒரு லிட்டர் எஃப்டி 50 லிட்டர் பெட்ரோலுக்கு வரும், மலிவு ஆயில் 25 லிட்டரோடு தீர்ந்துவிடும். எஃப்டி இரண்டு மடங்கு விலை என்றாலும் செலவு ஒன்றுதான், புகையும் கார்பனும் குறைவது இலவசம். ஆனால் ஆன்லைனில் வருகிற விலை குறைந்த ரம்பங்கள் சிலவற்றுக்கு எந்த ஆயில் ஊற்றினாலும் 25:1 என்றுதான் புத்தகம் சொல்லும். அங்கே மிச்சம் பிடிக்கிறேன் என்று 20 மில்லிக்கு இறங்க வேண்டாம்.

காருக்கு ஊற்றி மிஞ்சிய ஆயிலைக் கலப்பது இன்னும் மோசம். அது எரிவதற்கென்று செய்ததே இல்லை. அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் சாம்பலாகிப் பிளக்கில் உட்காரும். டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு ஆயிலும் வேண்டாம், அது தண்ணீரால் குளிர்கிற மோட்டாருக்கு. (ஒகேனக்கல் பரிசலுக்கு இன்ஜினே கிடையாது, ஆனாலும் அந்த ஆயில் நம்ம ஊர் வரை வந்துவிடுகிறது.) கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்காதீர்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் உண்டு, அது ஈரத்தை இழுக்கும்.

அடுத்தது கார். "நம்ம வெயிலுக்கு 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி சார், 20டபிள்யூ-40 ஊத்திடலாம்" என்று சொல்லாத ஒர்க்‌ஷாப் குறைவு. சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர் கை பழகியது பழைய இன்ஜினில். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. தர்மபுரியில் வெளியே 40 டிகிரி அடித்தாலும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டை 90 டிகிரி வாக்கில் பிடித்து வைக்கத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அந்தச் சூட்டில் 40 கிரேடு 20 கிரேடைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. புது இன்ஜின்களில் வால்வ் திறந்து மூடும் நேரத்தை (வால்வ் டைமிங்) மாற்றுவதே ஆயில் பிரஷர்தான், சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக. கெட்டி ஆயில் அங்கே தாமதமாகும், மைலேஜும் இறங்கும்.

காரின் புத்தகத்திலேயே 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டுக்கும் அனுமதி இருந்தால், குடும்பமும் மூட்டையுமாகச் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் அடிக்கடி ஏறுகிறவர் 30ஐ எடுக்கலாம். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு 20 போதும். அதில் இல்லாத 40 இருவருக்கும் வேண்டாம்.

கெட்டியைவிட முக்கியம் கேன் பின்னால் இருக்கிற தர எழுத்து. டர்போ பெட்ரோல் கார் என்றால் ஏபிஐ (அமெரிக்கத் தர அமைப்பு) எஸ்பி பாருங்கள். 2020இல் வந்த தரம் அது. மெதுவாகப் போகையில் கியர் மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கிற கோளாறை ஆயில் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அதில் உண்டு. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வைத்த பிஎஸ்6 டீசலுக்கு ஏசிஇஏ (ஐரோப்பியத் தரம்) சி2, சி3 மாதிரி சாம்பல் குறைந்த ஆயில்தான். ஓசூர் ரோட்டு லாரிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற சிஐ-4 தர லாரி டீசல் ஆயில் நல்ல ஆயில்தான், ஆனால் அதன் சாம்பல் அந்த ஃபில்டரை அடைத்துவிடும். எழுத்து பொருந்திவிட்டால் நடுத்தர விலை பிராண்டே போதும். விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, ரம்பத்தின் செயினுக்கு. காரிலிருந்து வடித்த பழைய ஆயிலைத்தான் இங்கே முக்கால்வாசிப் பேர் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூள் இருக்கும், ஆயில் பம்பைத் தின்னும். தோலுக்கும் ஆகாது, புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்கள் அதில் சேர்ந்திருக்கும். பிசுபிசுப்பாக ஒட்டி நிற்கிற செயின் ஆயில் வாங்குங்கள். அவசரத்துக்குக் கிடைக்கவில்லையா, புது 20டபிள்யூ-40 ஊற்றுங்கள். காருக்கு வேண்டாம் என்ற அதே கேன் இங்கே உதவும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, ரம்பத்தின் நுனியை ஒரு அட்டைக்கு நேரே, அதில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழவில்லையென்றால் மரத்தில் வைக்காதீர்கள்.