கூரையில் 7 ஆண்டு: உப்புவெளி வீட்டின் சோலார் கணக்கு

2025இல், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பூட்டி 7 ஆண்டு நிறைந்தது. அதற்குப் பிறகு வந்த பட்டியலில், நாங்கள் இலங்கை மின்சார சபைக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு ஓர் அலகு 22 ரூபாய் என்றிருந்தது 15.50 ஆகிவிட்டது. 2018இல் கையெழுத்து வைத்தபோதே தெரிந்த விலைதான். 'நெட் அக்கவுண்டிங்' முறையில், அதாவது நாங்கள் பாவித்ததுபோக மிஞ்சும் அலகுக்குக் காசு தரும் முறையில், 20 ஆண்டு ஒப்பந்தம்: முதல் 7 ஆண்டுக்கு 22, மிச்சம் 13 ஆண்டுக்கு 15.50. என்றாலும் குறைந்த தொகையைக் கண்ணால் கண்டதும், மாதாமாதம் மீட்டர் வாசிப்பை எழுதி வந்த கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "பூட்டினால் லாபமா அண்ணை?" என்று கேட்பவர்களுக்கு வழியில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பூட்டியது 325 வாட் பெனல் 16, மொத்தம் 5.2 கிலோவாட். ஒன்பதரை இலட்சம் ரூபாய் முடிந்தது. பாதி வங்கிக் கடன். அப்போது வீட்டில் மாதம் 350 அலகு போகும். ஒரு ஏசி, கிணற்று மோட்டர், இரண்டு பிரிட்ஜ். பட்டியல் 11,700 ரூபாய் வரை வந்தது. அன்றைய விலையில் முதல் 60 அலகுக்கு 7.85 ரூபாய்தான், 180ஐத் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் 45 ரூபாய். அதாவது எங்கள் பட்டியலில் பெரும்பகுதி அந்தக் கடைசி 170 அலகின் விலை. சோலார் முதலில் வெட்டியது அந்த 45 ரூபாய் அலகுகளை. வெளியே விற்ற அலகுக்குக் கிடைத்தது 22 மட்டும். இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மீதிக் கணக்கு தானாக வரும்.

உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,500 அலகு. எங்கள் பாவனை 4,200. மிச்சம் 2,300 அலகுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கைக்கு வந்தது. கட்டாமல் மிச்சமான பட்டியல் அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறி, 180க்கு மேற்பட்ட அலகு 75 ரூபாய் ஆனபோது அந்த மிச்சம் இன்னும் கூடியது. போட்ட பணம் 2023 நடுப்பகுதியில் திரும்பி வந்தது. வங்கி வட்டியையும் சேர்த்தால் 2024 தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 15.50 ஆனதால் எனக்கு ஆண்டுக்குக் குறைவது 15,000 ரூபாய். அதைத் தாங்கலாம்.

ஆனால் எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர், வீட்டில் 120 அலகுகூடப் பாவிக்காதவர், விற்றே கடனைக் கட்டலாம் என்று 10 கிலோவாட் போட்டார். அவருடைய வருமானம் முழுவதும் அந்த விற்பனை விலையில் தொங்குகிறது. அவருக்கும் 2025இல்தான் 7 முடிந்தது. மாதத் தவணை இன்னும் மிச்சம். விற்கும் விலையை நம்பி அளவைப் பெருக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்களுக்குப் பின்னால் பூட்டியவர்களுக்கு 37 ரூபாய் கிடைத்த காலமும் வந்தது. 2024இல் புதியவர்களுக்கு 27 ஆனது. 2025இல் அதுவும் இறங்கியது. நம் மாவட்டத்திலேயே, நிலக்கரி ஆலை வருவதாக இருந்த சம்பூரில், 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அதே ஆண்டு ஏப்ரலில் வேலை தொடங்கிவைத்தார்கள். நாட்டில் பகல் மின்சாரம் மலிந்துகொண்டு போகும்போது அதற்குக் கூடுதல் விலை யார் தருவார்?

சரி, வெயிலுக்கு வருவோம். திருகோணமலையில் வெயிலுக்குக் குறைவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். கொப்பியைப் பார்த்தால் எங்கள் நல்ல மாதம் மார்ச்: 680 அலகு. கச்சான் காற்று நெருப்பாக வீசும் ஜூலையில் 600. எனக்கும் முதல் ஆண்டு இது விளங்கவில்லை. பெனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பெனலின் சூடு 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். ஓட்டுக்கும் பெனலுக்கும் நடுவே காற்று ஓட ஒரு சாண் இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். நவம்பர், டிசம்பர் வாடை மழையில் 340, 370க்கு விழும். அந்த மாதங்களில் பாவனையும் உற்பத்தியும் ஏறக்குறையச் சமன்.

கூரை தெற்கே பார்க்கவில்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். எங்கள் கூரை கிழக்கு மேற்காகச் சரிந்தது. 8 பெனல் இந்தப் பக்கம், 8 அந்தப் பக்கம். நாம் இருப்பது வடக்கே எட்டரைப் பாகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். சரிவு குறைந்த கூரையில் திசையால் வரும் இழப்பு சிறியது. அதைவிடப் பக்கத்து வேம்பின் நிழல் எனக்குக் கூட நட்டம் தந்தது. ஒரு பெனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் உற்பத்தியே குறையும்.

கடற்கரையிலிருந்து எங்கள் வீடு 400 மீற்றர். பூட்டிய நிறுவனம் போட்ட ஆணிகளும் பிடிகளும் இரண்டாம் ஆண்டே துருப்பிடித்து, ஓட்டில் செம்மஞ்சள் கோடு இறங்கியது. கேட்டபோது "கடல் பக்கம் அப்படித்தான்" என்றார்கள். அந்தப் பதில் இன்றும் எனக்கு மனவருத்தம். கடல் பக்கம் அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் துருப்பிடிக்காத உருக்கில் போட்டிருக்க வேண்டும். என் செலவில் எல்லாவற்றையும் மாற்றினேன். மாற்றிய ஆறாவது மாதம், 2020 டிசம்பர் 2ஆம் தேதி, புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை தொட்டது. அன்றிரவு கூரையில் கேட்ட சத்தத்துக்கு நாங்கள் ஒருவரும் படுக்கவில்லை. விடிந்து ஏறிப் பார்த்தால் தென்னோலைதான் கிடந்தது, பெனல் ஒன்றும் அசையவில்லை. பழைய ஆணிகள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

கழுவுவது விடியற்காலையில், பெனல் சூடேறுமுன். முதலில் கிணற்று நீரால்தான் கழுவினேன். உவர் நீர் காய்ந்து வெள்ளைப் படலம் பிடித்தது. இப்போது குழாய்த் தண்ணீரும் மெல்லிய துணியும். குரங்குகள் ஏறி ஓடுவதால் வயர்களைக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன்.

பெனலில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டர் 2022இல் பழுதானது. மேற்குச் சுவரில் பின்னேர வெயில் நேரே விழும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு டொலர் 200இலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியிருந்தது. உதிரிப்பாகம் வர மூன்று மாதம் சென்றது. இப்போது அது வடக்கு விறாந்தையில் இருக்கிறது. பெனல் 25 ஆண்டு உழைக்கலாம், இன்வேட்டர் அவ்வளவு உழைக்காது. ஒரு தடவையாவது மாற்றும் காசை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

அப்புறம், பலர் ஏமாறும் இடம் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, கூரையில் அவ்வளவு பெனலும் இருந்தும் எங்கள் வீட்டிலும் விசிறி ஓடவில்லை. வெளி லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் பற்றரி இல்லாத இன்வேட்டர் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்கான காவல் அது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோதும், கொளுத்தும் வெயிலில் வீடு அப்படியே கிடந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் பாவனை குறைவு என்பதால் பகலில் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது, நிறுத்தினேன். மின்வெட்டுக்காகவே சோலார் தேடுகிறீர்கள் என்றால் பற்றரியோடு சேர்த்து விலை கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

போன வாரம் தம்பலகாமத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். யாரோ வந்து 5 கிலோவாட்டுக்கு விலை சொல்லிவிட்டுப் போனார்களாம். பட்டியலை வாசிக்கச் சொன்னேன்: 85 அலகு. "உனக்கு வேண்டாம் அக்கா" என்றேன். "நீ மட்டும் போட்டிருக்கிறாயே?" என்று கேட்டாள். கொப்பியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கணக்குச் சொன்னேன். மகள் திருமணத்துக்குப் பிறகு மேல்மாடி கட்டி ஏசி போடப்போகிறார்களாம். அப்போது ஓராண்டுப் பட்டியலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.