பக்கவாட்டுப் படத்தை நம்பி லோகோவுக்குப் பணம் போடாதீர்கள்

மாடல் ரயில் குழுக்களில் சில மாதங்களாக ஒரே ஆள் வெவ்வேறு பெயர்களில் செகண்ட் ஹேண்ட் எச்ஓ லோகோக்கள், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள ரயில் எஞ்சின் மாடல்கள், விற்கிறார். தெரிந்தவரை நான்கு பேர் மாட்டியிருக்கிறார்கள். இருவருக்குப் பார்சலே வரவில்லை. மற்ற இருவருக்கு வந்தது, ஆனால் படத்தில் இருந்தது வரவில்லை. பெயரையும் எண்ணையும் இங்கே போடுவதில் பயனில்லை. இரண்டையும் அடிக்கடி மாற்றிக்கொள்கிறார். மாறாதது விற்கும் விதம். அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று 'முதலை' என்று செல்லப்பெயர் பெற்ற சுவிஸ் மின்சார எஞ்சின், சிஇ 6/8 லோகோ, 26,000 ரூபாய். மற்றது நம்மூர் டீசல் எஞ்சின் டபிள்யூடிஎம்-2, 14,500 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள். மூன்றும் பக்கவாட்டில் எடுத்தவை. 'டூ ரயில், டிசி, நன்றாக ஓடும், கோயம்புத்தூர் வீட்டிலிருந்து அனுப்புகிறேன்' என்று ஒரு வரி. டூ ரயில், டிசி என்றால் இரண்டு தண்டவாளத்திலிருந்தும் நேர்மின்னோட்டம் எடுத்து ஓடும் வகை. முழுத் தொகையும் ஜிபேயில் முன்கூட்டியே. நேரில் வந்து பார்க்கிறேன் என்று கேட்டவர்களுக்கு 'வெளியூரில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறொருவர் எடுத்துவிடுவார்' என்று பதில்.

விவரம் தெரிந்தவர்களே ஏன் விழுந்தார்கள் என்று கேட்கலாம். 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 60-க்கு ஏறியது. சுங்கத் தலைப்பு 9503-இல் அளவு குறைத்த மாடல்களும் அடங்கும். ஜெர்மனியிலிருந்து நேரடியாக வரவழைத்தால் தபால் செலவும் வரியும் சேர்ந்து லோகோ விலையைத் தொட்டுவிடும். அதனால் உள்ளூரில் ஏற்கெனவே வந்திறங்கிய லோகோ கைமாறுகிறது என்றால் எல்லாரும் பாய்கிறோம். 26,000-க்கு முதலை என்றதும் சந்தேகம் வருவதற்குப் பதில் அவசரம் வருகிறது.

முதலில் படம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதலைப் படத்தின் ஓரத்தில், லேஅவுட்டுக்கு (மாடல் ரயில் ஓடும் மேடை) பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிகிறது. வட்டக் குழி, உள்ளே இரண்டு துளை, மேலும் கீழும் உலோகக் கிளிப். அது ஜெர்மானிய வகை சாக்கெட். கோயம்புத்தூர் வீட்டுச் சுவரில் மூன்று வட்டத் துளைகள்தான் இருக்கும். நான்கு பேரும் லோகோவை மட்டும் பார்த்தார்கள், சுவரைப் பார்க்கவில்லை. படத்தில் சுவர், ஜன்னல் கம்பி, தரை, பின்னால் கிடக்கும் செய்தித்தாள், பிளக் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். லோகோவை மாற்றுவது எளிது, அறையை மாற்றுவது கடினம்.

கூகுள் லென்ஸில் போட்டால் அந்தப் படம் சிக்கவில்லை. காரணம், படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருந்தது. திருப்பினால் எழுத்துகள் இடவலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், லோகோ எண்ணும் ரயில்வே எழுத்தும் வரும் இடத்தை 'வெளிச்சம் பட்டது போல' மங்கலாக்கியிருந்தார்கள். ஆகவே எண் தெளிவாகத் தெரியாத படம் வந்தால், போனிலேயே அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, மறுபடி தேடுங்கள். லென்ஸோடு நிறுத்தாமல் டின்ஐ, யாண்டெக்ஸ் இரண்டிலும் தேடுங்கள். திருப்பித் தேடியபோது ஐரோப்பிய ரசிகர் ஒருவர் முன்பே பகிர்ந்த படம் என்று தெரிந்தது. அவருக்கும் இந்த விற்பனைக்கும் தொடர்பே இல்லை.

எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலைக் கேட்கலாம் என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தங்கும். அதையும் மாற்றி எழுத முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எளிய வழி ஒன்று இருக்கிறது. இன்றைய தேதியும் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லும் எழுதிய துண்டுச் சீட்டை லோகோவுக்கு அடியில் பாதி மறையும்படி வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சொல் உங்களுடையதாக இருக்கட்டும், 'கருவேப்பிலை' என்றுகூட இருக்கலாம். சீட்டு லோகோ மேல் மிதப்பது போல் இருந்தால், நிழல் விழாமல் இருந்தால், அது ஒட்டியது.

இனி வந்து சேர்ந்த முதலையைப் பார்ப்போம். போலி இல்லை, உண்மையான மார்க்லின் லோகோதான். சிக்கல் அடியில் இருந்தது. மார்க்லின் எச்ஓ மூன்று தண்டவாள முறையில் ஓடுவது. இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தின் ஒரே முனை. மறுமுனை தண்டவாளத்தின் நடுவே வரிசையாக நிற்கும் சிறு ஊசிமுனைகள். லோகோவின் அடியில் நீளமான ஸ்லைடர் ஒன்று அவற்றை உரசிக்கொண்டே போகும். இடது வலது சக்கரங்களுக்கிடையே காப்பு இருக்காது. இதை நம் டூ ரயில் டிசி ட்ராக்கில் வைத்த கணமே ஷார்ட் ஆகும். பவர் பேக் ட்ரிப் ஆகிவிடும். இதே முதலையை மார்க்லினின் இரண்டு தண்டவாளப் பிராண்டான ட்ரிக்ஸும் வெளியிட்டிருக்கிறது. ரோக்கோ போன்ற நிறுவனங்களும் பல லோகோக்களை ஏசி (மூன்று தண்டவாளம்), டிசி (இரண்டு தண்டவாளம்) என இரண்டு வகையிலும் போடுகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் அடியில் மட்டும். பக்கவாட்டுப் படம் மட்டும் அனுப்பியதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

மாற்றிக்கொள்ளலாமே என்றால், சக்கரங்கள் எல்லாவற்றையும் காப்பிட்டவையாக மாற்ற வேண்டும், ஸ்லைடரைக் கழற்ற வேண்டும், இரண்டு பக்கமும் மின்சாரம் எடுக்கும் தகடுகள் வைக்க வேண்டும். பழைய மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இல்லாமல் ஃபீல்டு காயில் (மின்காந்தச் சுருள்) இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிணைப்புத் தண்டுகளோடு ஓடும் முதலையில் இது சின்ன வேலை இல்லை. லோகோ விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

(முதலை மேல் நம்மவர்களுக்கு ஏன் இத்தனை மோகம் என்றால், அதன் உறவுக்காரர் நம்மிடமும் ஓடியவர். பழைய கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜிஐபி) ரயில்வேக்காக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1928-இல் கட்டத் தொடங்கிய டபிள்யூசிஜி-1 மின்சார லோகோ. மலைப் பாதையில் சரக்கு இழுத்தது. மும்பைப் பக்கத்தில் 'கேக்டா', அதாவது நண்டு, என்று பெயர். ஒன்று தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.)

டபிள்யூடிஎம்-2 விவகாரம் வேறு. படத்தில் இருந்தது யாரோ பொறுமையாகச் செய்த பித்தளை மாடல். வந்தது, முப்பரிமாண அச்சில் எடுத்த மேல்கூடு ஒன்றை அமெரிக்க எஸ்டி வகை டீசல் லோகோ மாடலின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் கவிழ்த்தது. இதை ஒரே பார்வையில் பிடிக்க வழி உண்டு. நிஜ டபிள்யூடிஎம்-2 ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் ட்ரைமவுன்ட் போகியில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சுகளுக்கிடையே இடைவெளி சமமாக இருக்காது, ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருக்கும். எஸ்டி வகைப் போகியில் அச்சுகள் கிட்டத்தட்ட சம இடைவெளியில் நிற்கும். படத்தில் அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்தாலே தெரிந்துவிடும். கூடு அச்சிட்டதா என்பதற்கு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மூக்குப் பகுதியை எடுக்கச் சொல்லுங்கள். மரத்தின் ஆண்டு வளையம் போல மெல்லிய கோடுகள் தெரியும். அச்சுக் கூடு குற்றமல்ல, பலர் அழகாகச் செய்கிறார்கள். பித்தளைப் படத்தைக் காட்டிப் பித்தளை விலை வாங்குவதுதான் குற்றம்.

நீளத்தையும் கேளுங்கள், ஸ்டீல் ஸ்கேலை அருகில் வைத்து எடுத்த படமாக. எச்ஓ என்றால் 1:87. டபிள்யூடிஎம்-2 நிஜத்தில் பஃபர் (முட்டுத்தாங்கி) முனைகளுக்கிடையே 17.12 மீட்டர், மாடல் சுமார் 197 மில்லிமீட்டர் வர வேண்டும். நம் பயணிகள் பெட்டிகளில், பெட்டியின் உடல் நீளம் மட்டும் பழைய ஐசிஎஃப் வகைக்கு 245, புதிய எல்எச்பி வகைக்கு 270. ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பெட்டிக்கு நீலச் சாயம் அடித்து 'ஐசிஎஃப்' என்று விற்பதும் நடக்கிறது. அது பஃபரோடு சேர்த்து 303 இருக்கும். நீளம் குறைத்த வகை என்றால் 282 அல்லது 264. எண் பொருந்தாவிட்டால் கேள்வியே வேண்டாம். இன்னொன்று: 'அசல் பிராட் கேஜ் அளவு' என்று யாராவது சொன்னால் தண்டவாள அகலம் கேளுங்கள். 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். நாம் எல்லோரும் ஓட்டுவது 16.5-இல். அந்தச் சமரசம் ஊரறிந்தது, அதில் தப்பில்லை. அசல் என்பதுதான் பொய்.

அந்த டபிள்யூடிஎம்-2 இன்னொரு நோயோடும் வந்தது. அச்சில் அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் கியர் பிளந்திருந்தது. ஆண்டுகள் போகப் போகப் பிளாஸ்டிக் சுருங்கும், நடுவிலிருக்கும் இரும்பு அச்சு சுருங்காது. கியர் இரண்டு பற்களுக்கிடையே விரிசல் விடும். அந்த இடைவெளி மட்டும் அகன்றுவிடுவதால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம், லோகோ நொண்டும். விற்பவர் அனுப்பிய வீடியோவில் பின்னணிப் பாட்டு ஓடியது, லோகோ வேகமாகப் போனது. பாட்டு எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மெதுவாக, முன்னும் பின்னும், பாட்டில்லாமல், போனை லோகோ பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோதான் வேண்டும். லேஅவுட் இல்லை என்று சாக்குச் சொன்னால், 9 வோல்ட் பேட்டரியை ஒரு துண்டு ட்ராக்கில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிகோடர் (டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு) இல்லாத டிசி லோகோவுக்கு அது போதும். கியர் மாற்ற அதிகச் செலவில்லை. பற்களின் எண்ணிக்கையும் அச்சின் விட்டமும் பொருந்துவதைத் தேடிப்பிடிப்பதுதான் பாடு.

மிகப் பழைய லோகோ என்றால் துத்தநாக நோயும் பார்க்க வேண்டும். துத்தநாக வார்ப்பு உலோகத்தில் ஈயம் கலந்துவிட்டால் காலப்போக்கில் சேசிஸ் வீங்கி, வெடித்து, பொடியும். கூட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே சீரற்ற இடைவெளி, வளைந்த முன்பலகை, கழற்ற வராத கூடு இவை அறிகுறிகள். மருந்து கிடையாது.

பார்சல் வந்தால் கத்தி வைப்பதற்கு முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். கூரியர் சீட்டின் எண், நாலு பக்க ஒட்டு, பிரிப்பது, லோகோவின் அடிப்பகுதி என்று இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக. ட்ராக்கில் வைக்குமுன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களைத் தொடுங்கள். பீப் அடித்து, ஓம் அளவும் கிட்டத்தட்ட பூஜ்யமாகக் காட்டினால் ட்ராக்கில் வைக்காதீர்கள்.

நிஜ ரயில் படங்களிலும் இதே ஆள் கைவைத்திருக்கிறார். 'நானே எடுத்தது, 1995' என்று கேன்வாஸ் பிரிண்ட் விற்றார். படத்தில் நின்றது டபிள்யூஏபி-7. அந்த வகை லோகோ 2000-இல்தான் வந்தது.

படம் பகிர்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்டர்மார்க்கை மூலையில் போடாதீர்கள், ஒரே வெட்டில் போய்விடும். லோகோவின் உடம்பு மேலேயே மெல்லிதாகப் போடுங்கள். அடிப்பகுதிப் படம் ஒன்றை எங்கும் பகிராமல் வைத்திருங்கள், யாராவது உங்கள் லோகோவை விற்றால் அது சான்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பணம் போய்விட்டதென்றால் விற்பவரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். அவர் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் உண்டு. பரிவர்த்தனை எண், யுபிஐ முகவரி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ரகசிய 'பின்' எண்ணைப் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தராது. 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று அவர் படம் அனுப்பினால் தொடாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். நால்வரில் ஒருவர் இப்படி இரண்டாவது முறையாக 5,000 இழந்தார்.

அந்த வட்டச் சாக்கெட் படம் இந்த வாரம் மறுபடி வந்திருக்கிறது. இப்போது ஊர் மதுரை, விலை 22,000.