மாட்டுங்கா ஆத்மபோத வகுப்பு: எட்டு ஞாயிறு போய்வந்தேன்

மும்பை மாட்டுங்காவில் ஆத்மபோதம் என்ற வேதாந்த நூலைத் தமிழில் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். எட்டு ஞாயிறு, 800 ரூபாய்.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு சொல்தான். 'ஆத்ம' என்றால் தான். 'போதம்' பிறப்பது 'புத்' என்ற வேரிலிருந்து. விழிப்பது, அறிவது என்று பொருள். புத்தர், போதி எல்லாம் அதே வேராம். எனக்கு நாகர்கோவில் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவனைப் பார்த்து, "போதங்கெட்டுக் கிடக்கான்" என்பாள். அப்போ இது வெளியிலிருந்து சம்பாதிக்கிற அறிவு இல்லை, முழிப்புத் தட்டுவது. அந்த ஒரு காலைக்கே 800 ரூபாய் சரியாகிவிட்டது.

நூல் ஆதிசங்கரர் பெயரில் வழங்குவது, 68 சுலோகம். ஐந்தாவதில் தேற்றாங்கொட்டை வருகிறது. கலங்கிய நீரில் அதன் தூள் அழுக்கைப் படியவைத்து, தானும் அடியில் போய்விடும். ஞானமும் அறியாமையைத் தீர்த்துவிட்டுத் தானும் மறைந்துவிடுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோம்பிவிலிப் பையன், "அது என்ன கொட்டை, ஆன்ட்டி?" என்றான். பானையின் உட்புறம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்போம் என்று நான் கையால் உரசிக் காட்ட, ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். தேறுவது, தேற்றுவது, தெளிவது என்று நம் பேச்சில் தண்ணீருக்கும் மனசுக்கும் ஒரே வார்த்தைகள்தானே என்றேன். அதை அவர் குறித்துக்கொண்டார்!

குறை இல்லாமல் இல்லை. முதல் ஐந்து சுலோகத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன ஆகும்? கடைசி இரண்டு வாரம் ஒரே ஓட்டம். ரமணர் இந்த நூலைத் தமிழ் வெண்பாவாக்கியிருக்கிறார். அதன் நகலும் கொடுத்தார்கள், ஆனால் பாதி எழுத்து மங்கல். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமானால் ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். திரும்பும்போது மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ஞாயிறன்று லோக்கல் ரயில்களை நிறுத்திவைப்பது. அது அவர்கள் தப்பில்லை.

அடுத்த முறை நடத்தினால் முழுக் கட்டணம் கட்டி முதல் மூன்று வாரம் மட்டும் போவேன். அந்தப் பையனுக்காக, ஊரில் நாட்டு மருந்துக் கடையில் நாலு தேற்றாங்கொட்டை வாங்கிவரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.