இரவல் சக்கர நாற்காலியும் ஒரு தேவாலயத்தின் பின்கட்டும்

சென்ற வருடம் என் தாயார் மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்றுதான், சக்கர நாற்காலியும் வாக்கரும் கொமட் கதிரையும் இல்லாமல் அவரைப் பராமரிக்க முடியாது என்பது எங்களுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டார் சொன்னபடி, புளியந்தீவில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் நடக்கும் இரவல் சேவையைத் தேடிச் சென்றேன். தேவாலயத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளோர் கேட்டுக்கொண்டனர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற இயேசுவின் சொல் விளம்பரத்துக்கும் பொருந்தும் என்பது அவர்கள் கருத்து. நகரத்துத் தேவாலயங்களில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

நாங்கள் மாமாங்கேஸ்வரரை வணங்கும் குடும்பம். கிறிஸ்தவர் உதவுகிறார்கள் என்றவுடன் மதமாற்றப் பேச்சு எழுவது இவ்வூரில் புதிதன்று. நானும் அந்த ஐயத்தைச் சுமந்துகொண்டுதான் போனேன். ஆனால் நிரப்பத் தந்த படிவத்தில் நோயாளியின் பெயர், முகவரி, உயரம், எடை ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் இருந்தது. மதத்துக்கோ வருமானத்துக்கோ கட்டம் இல்லை, முற்பணமும் கேட்கவில்லை. 1814இல் இங்கு வந்து ஓராண்டு நிறையுமுன்னரே மறைந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிவைத்த கல்விப் பணியின் வழிவந்த மத்திய கல்லூரியில் படித்த என் தந்தை கடைசிவரை நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் என்பது, படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொமட் கதிரை சுத்தமாக இருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்கத் தந்த காற்று மெத்தையின் பம்ப் இரவில் சற்று இரைந்தாலும் ஒருநாளும் நின்றதில்லை. சக்கர நாற்காலியில்தான் குறை. பின் சக்கரங்களில் காற்று குறைந்திருந்ததால், டயரை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் பிடி கொள்ளாமல் நழுவியது. முதல் நாள் அம்மாவைக் கட்டிலிலிருந்து மாற்றி உட்காரவைக்கும்போது நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. மகள் தாங்கிப் பிடித்திராவிட்டால் மீண்டும் வைத்தியசாலைக்கே போயிருப்போம். ஒருவர் திருப்பித் தந்ததை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் யாரும் சோதிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. மனம் நிறையக் கொடுப்பவர்கள் காற்றையும் நிறைத்துக் கொடுக்கலாமே என்று அன்று கோபத்தோடுதான் நினைத்தேன். (எங்கள் மணல் ஒழுங்கையில் முன்னோக்கித் தள்ளினால் சிறிய முன் சக்கரங்கள் புதைந்துவிடுகின்றன, திருப்பிப் பின்புறமாக இழுத்தால் வருகிறது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது உதவும்.)

பத்தாம் நாள், அழைக்காமலேயே அங்கிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஓர் இளைஞரும் வீட்டுக்கு வந்தார்கள். வாக்கரின் உயரம் அம்மாவுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டின் அளவுக்கு வரும்படி கால்களைக் குறைத்தார்கள். பிரேக்கைப் பற்றி நான் கடிந்து சொன்னதை மறுக்காமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதாக ஒரு உவமை விவிலியத்தில் உண்டு; கதையில் அந்தத் திரும்பி வருதலைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, இவர்கள் கவனித்திருக்கிறார்கள். புறப்படுமுன் செபிக்கலாமா என்று அனுமதி கேட்டார்கள். “செய்யுங்க மனே, எந்தச் சாமி கேட்டா என்ன” என்றார் அம்மா. செபம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆறு கிழமைக்கென்று வாங்கியதை நாங்கள் ஒன்பது கிழமை வைத்திருந்தும் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதுபற்றி விசாரித்தபோது, வராத பொருள் இன்னும் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்வதாகவும், தகுதி பார்க்காமல் தமக்குக் கிடைத்த கிருபையைத் தாங்கள் தவணை வைத்துக் கொடுக்க முடியாது என்றும் அந்த ஆசிரியர் விளக்கினார். அழகான விளக்கம்தான். ஆனால் காத்திருப்போர் ஏட்டில் ஏழு பெயர்களை நானே கண்டேன். தவணை கடந்தவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது அந்த ஏழு பேருக்கும் செய்யும் நற்செயல் ஆகாதா? நாங்களும் அப்படியோர் அழைப்பு வந்திருந்தால் மூன்று கிழமை முன்னரே கொடுத்திருப்போம்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு சைக்கிள் பம்ப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அதையும் ஏட்டில் வரிசை எண்ணிட்டுப் பதிந்து, கதவருகே ஆணியில் மாட்டிவைத்தார்கள். சனிக்கிழமை முற்பகலில் மட்டுமே திறந்திருக்கும். நாற்காலி மடித்தால் ஓட்டோவில் ஏறும். கட்டில் வேண்டுவோர் சிறிய லொறியொன்றை ஒழுங்கு செய்துகொண்டு போக வேண்டும்.